விமர்சனம் எழுதும் ஆள் பாட்டுப் போட்டால்: கோலாலம்பூரில் வானொலி வரைக்கும்

"உங்களுக்கென்னங்க, எல்லா அறிவிப்பாளரையும் தெரியும், பாட்டு தானா ரேடியோவுல போயிடும்" என்று ஒரு கூட்டம். "ஓ, அதான் நம்ம ஆல்பத்தை அந்தக் கிழி கிழிச்சீங்களா" என்று இன்னொரு கூட்டம். இசை பற்றிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டே சொந்தமாகப் பாட்டும் பதிவு செய்கிறேன் என்று பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையில் உட்கார்ந்து சொன்னாலும், தே தாரிக் ஆறுவதற்குள் இந்த இரண்டில் ஒன்று வந்துவிடும். நான் பதினோரு வருடமாக எழுதுகிறேன், ஐந்து பாட்டு பதிவு செய்திருக்கிறேன், அதில் மூன்று வானொலியில் ஒலித்தன. அந்த மூன்றில் ஒன்றுகூட அறிமுகத்தால் போனதில்லை. போகாத இரண்டில் ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் கையில் நேரில் கொடுத்தது. அந்தக் கதை பிறகு.

எழுதுகிறவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். பாட்டு வந்து சேரும் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில், சில சமயம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒருவர் கைப்பேசியை நீட்டி "கொஞ்சம் கேளுங்கண்ணே" என்பார். எது திறக்கப்படாமலே கிடக்கும், எதை முதல் அரை நிமிடத்தில் நிறுத்துவோம், எந்த அறிமுகக் குறிப்பைப் படித்ததும் கொட்டாவி வரும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். வானொலி நிலையத்தில் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவரும் அதே பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், நம்மைவிடப் பத்து மடங்கு அவசரத்தில். அவருக்கு வேலை வைக்காத பாட்டாக அனுப்புவது ஒன்றுதான் இதில் நம் கையில் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

முதலில் உங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லுங்கள்

மைக் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஞாயிறு பதிப்புக்கு எழுதுகிறீர்களோ, இணைய இதழுக்கு எழுதுகிறீர்களோ, "நான் ஒரு பாட்டு போடப்போகிறேன், இன்னார் இசையமைக்கிறார், இன்ன ஸ்டூடியோவில் மிக்ஸிங்" என்று ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துவிடுங்கள். வாய்வழி சொன்னால் போதாது, நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் உங்களுக்கு நீங்களே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதைச் சொல்கிறேன், கூடுதல் குறைவாக மாற்றிக்கொள்ளலாம். என் பாட்டைப் பற்றி நான் எழுதமாட்டேன், என் பக்கத்து மேசைக்காரரை எழுதச் சொல்லியும் கேட்கமாட்டேன், ஆசிரியராகப் பார்த்து யாரையாவது எழுதச் சொன்னால் "பாடகர் இந்த இதழில் எழுதுபவர்" என்ற ஒரு வரி அதில் இருந்தே ஆகவேண்டும். எந்த நிலையத்துக்குப் பாட்டு அனுப்பியிருக்கிறேனோ அந்த நிலையத்தின் நிகழ்ச்சிகளையும் அறிவிப்பாளர்களையும் பற்றி முன்னும் பின்னும் மூன்று மாதம் நல்லதும் எழுதுவதில்லை, கெட்டதும் எழுதுவதில்லை. என் பாட்டில் வேலை செய்தவர்களின் ஆல்பத்தை விமர்சிப்பதே இல்லை.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பாட்டு செய்கிறவர்கள் வட்டம் சின்னது. ஒரே கீபோர்டுக்காரர், ஒரே மிக்ஸிங் ஆள் எத்தனையோ ஆல்பத்தில் வருவார். நான் ஆரம்பத்தில் இதில் சறுக்கினேன். ஓர் ஆல்பத்தை உண்மையாகவே பிடித்துப்போய்ப் புகழ்ந்து எழுதினேன், ஆறு வாரம் கழித்து அதன் இசையமைப்பாளர் "நம்ம ஸ்டூடியோல வந்து பாடுங்க, காசெல்லாம் வேண்டாம்" என்றார், போய்ப் பாடிவிட்டேன். பாட்டு வெளியானபோது நன்றிப் பட்டியலில் அவர் பெயர். ஒரு வாசகர் இரண்டையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பிக் கேட்டார், "இதுக்குத்தானா அது?" இல்லைதான். ஆனால் இல்லை என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? இப்போதெல்லாம் ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்து ரசீது வாங்கிவிடுகிறேன். நண்பர் வீட்டு ஸ்டூடியோவாக இருந்தாலும் சரி.

பாட்டு எங்கே போகப்போகிறது

மலேசியத் தீபகற்பத்தில் தமிழ்ப் பாட்டு என்றால் பெரும்பாலும் இரண்டு வாசல். ஒன்று ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம். நம் அப்பா அம்மா காலத்தில் ரேடியோ 6 என்று இருந்தது அதுதான், அங்காசாபுரியிலிருந்து ஒலிபரப்பு. இன்னொன்று ஆஸ்ட்ரோவின் ராகா, முன்பு டிஎச்ஆர் ராகா என்றிருந்தது, அது புக்கிட் ஜாலில் பக்கம். ஒன்று அரசாங்கம், ஒன்று தனியார். இந்த வித்தியாசம் பாட்டெழுத உட்காரும்போதே மனதில் இருக்கவேண்டும்.

ஆர்டிஎம் பாடல் வரிகளைப் பார்த்துத்தான் விடும். 2017 ஜூலையில், உலகமே முணுமுணுத்த ஒரு ஸ்பானியப் பாட்டை, வரிகள் ஆபாசம் என்று புகார் வந்ததும் ஆர்டிஎம் தன் வானொலி தொலைக்காட்சி எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டது. தனியார் நிலையங்களை அது கட்டுப்படுத்தவில்லை. யாருக்கும் புரியாத மொழியில் உலகப் புகழோடு வந்த பாட்டுக்கே அந்தக் கதி, எல்லாருக்கும் புரியும் தமிழில் நாம் எழுதுவதைச் சும்மா விடுவார்களா? மது, சிகரெட், கெட்ட வார்த்தை என்று எல்லாருக்கும் தெரிந்த பட்டியலை விடுங்கள். இனம், மதம், அரசர்கள் ஆகிய மூன்றையும் தொடும் வரி நல்லெண்ணத்தில் எழுதப்பட்டிருந்தாலும் தயக்கத்தைக் கொடுக்கும்.

நம் பையன்கள் அடிக்கடி மாட்டுவது எண்களில். 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது, அதில் பல பெயர்கள் வெறும் எண்கள்தான். ராப் வரியில் சந்தம் சேர்கிறதே என்று வீட்டு எண்ணையோ ஜெர்சி எண்ணையோ போட்டுவிட்டு, பாட்டு ஏன் நகரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். வரியில் எண் வந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

வரிகளைத் தனிக் கோப்பில் தமிழில் சுத்தமாகத் தட்டச்சு செய்து, கூடவே மலாயில் நான்கைந்து வரியில் பாட்டின் சாரத்தையும் எழுதி வையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் வையுங்கள், மேலே ஓர் ஆளுக்குக் காட்ட வேண்டி வந்தால் உங்கள் பாட்டைத் தூக்கிப் பேசுகிறவருக்கு அது கை கொடுக்கும்.

41 விநாடி வீணை

தெரிந்தவர் கையில் கொடுத்த பாட்டுக் கதை இதுதான். முதல் பாட்டு, முகப்பில் வீணை. தனியாக, நிதானமாக, 41 விநாடி. என் அக்கா மகள் வாசித்தது, வெட்ட மனசே வரவில்லை. வானொலியில் இருக்கும் அந்தத் தெரிந்தவர் கேட்டுவிட்டு, காரில் போகிற ஆள் 41 விநாடியில் வேறு நிலையத்துக்குப் போய், அங்கே ஒரு விளம்பரத்தையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருப்பான் என்றார். நட்பாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், பாட்டு மட்டும் ஒலிக்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அதே மாதம்தான் இன்னொருவரின் பாட்டைப் பற்றி "முன்னிசை தேவைக்கு மேல் நீள்கிறது" என்று நானே எழுதியிருந்தேன்.

சரி, எவ்வளவு இருக்கலாம்? குரல் பதினைந்து விநாடிக்குள் வந்துவிடட்டும். மொத்தம் மூன்றரை நிமிடம், நான்கைத் தாண்டவே வேண்டாம். முழுப் பதிப்பு ஐந்து நிமிடம் என்றால் அதை இணையத்தில் போடுங்கள், வானொலிக்கென்று தனியாக வெட்டிய பதிப்பை அனுப்புங்கள். கடைசியில் மெல்ல மெல்லத் தேய்ந்து போகிற முடிவைவிடத் 'டங்' என்று முடிவது நல்லது, அறிவிப்பாளருக்கு எங்கே பேச ஆரம்பிப்பது என்று தெரியும். முகப்பில் பத்துப் பன்னிரண்டு விநாடி வாத்தியம் இருந்தால் அதன்மேல் அவர் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த இடத்தை அவருக்காகவே விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பதிவு செய்வது

குரலை மட்டும் வீட்டில் பதிவு செய்யலாம், செலவு பாதியாகும். ஒரு கண்டென்சர் மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், பாப் ஃபில்டர். சாமானைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள், நான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கோலாலம்பூரில் பிரச்சினை மைக் இல்லை, ஊர்தான்.

என் அடுக்குமாடி செந்தூலில். ஜன்னலுக்கு வெளியே எல்ஆர்டி தண்டவாளம், சில நிமிடத்துக்கு ஒரு ரயில். ஏர்கோன் போட்டால் அதன் இரைச்சல், நிறுத்தினால் நெற்றியிலிருந்து வியர்வை பாப் ஃபில்டரில் சொட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் மழை, அதிலும் ஏப்ரலிலும் நவம்பரிலும் நம்பவே முடியாது, கீழ்வீட்டுக்காரர் பின்கட்டில் இறக்கியிருக்கும் தகரக் கூரையில் விழுந்தால் உருமி மேளம் மாதிரி இருக்கும். பக்கத்துச் சூராவிலிருந்து, அதாவது சிறு தொழுகைக்கூடத்திலிருந்து, பாங்கு ஒலிக்கும் நேரங்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் எப்படியும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம். நான் கண்டுபிடித்த நேரம் இரவு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை. ரயில் நின்றிருக்கும், தொண்டையும் நாள் முழுக்கப் பேசிப் பேசி இளகியிருக்கும். மேல்வீட்டுப் பாட்டியிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நடுராத்திரியில் யாரோ அழுகிறார்கள் என்று கதவைத் தட்டுவார். தட்டியிருக்கிறார்.

இடம், துணி அலமாரிக்கு முன்னால். கதவுகளை விரியத் திறந்து, தொங்கும் சேலைகளையும் சட்டைகளையும் பார்த்து நின்று பாடுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். குளியலறையில் பாடினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த எதிரொலியைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. எதிரொலி வேண்டுமென்றால் மிக்ஸிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பில் கவனமாக இருங்கள். ழகரத்தை விமர்சனத்தில் பிடித்துப் பிடித்து எழுதியவர் நீங்கள், உங்கள் பாட்டில் 'வாழ்க்கை' 'வால்க்கை' ஆனால் அதைச் சொல்லிக்காட்ட ஒரு வரிசையே காத்திருக்கும்.

எஃப்எம் உங்கள் பாட்டை என்ன செய்யும்

இதைத்தான் நம்மில் பலர் தெரிந்துகொள்வதே இல்லை, நானும் மூன்றாவது பாட்டில்தான் தெரிந்துகொண்டேன். கணினியில் கேட்கிற பாட்டும் வானொலியில் வருகிற பாட்டும் ஒன்றில்லை. எஃப்எம் ஒலிபரப்பில் ஏறக்குறைய 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது, ஆக அந்த மினுமினுப்பான உச்சத்தை ஏற்றி ஏற்றி வைப்பதால் பலனில்லை. இன்னொன்று, இரைச்சலைக் குறைப்பதற்காக ட்ரெபிளை வேண்டுமென்றே தூக்கி அனுப்பி, கேட்கும் பெட்டியில் திரும்ப இறக்குவார்கள். அப்படித் தூக்கும்போது ஏற்கெனவே கூர்மையாக இருக்கும் ஓசைகள் எல்லைக்கு மேல் போய், நிலையத்தின் லிமிட்டர் அவற்றை அமுக்கும். எந்த ஓசைகள்? நம் ச, ஸ, ஷ. "சொல்லாமல் சென்றவளே" என்று நீங்கள் பாடினால் வானொலியில் ஒவ்வொரு சகரத்திலும் பாட்டே ஒரு கணம் உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வருவது போல் கேட்கும். மிக்ஸிங் செய்கிறவரிடம், இந்தச் சகர ஓசைகளை அடக்கும் டி-எஸ்ஸரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போடச் சொல்லுங்கள்.

சத்தத்தையும் அளவாக வையுங்கள். பாட்டைச் சுவர் மாதிரி அடைத்து உரக்கச் செய்தால் வானொலியில் எடுப்பாகக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது தலைகீழ். நிலையத்தில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கருவி ஒன்று இருக்கிறது, ஏற்கெனவே நசுங்கியதை அது மேலும் நசுக்கும், கடைசியில் கேட்பது உப்பில்லாத கஞ்சி. உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல், ஏற்ற இறக்கத்தோடு கொடுங்கள்.

மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து, கேட்டுப் பாருங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் கார் ரேடியோ தானாகவே ஸ்டீரியோவைக் குறைத்து மோனோவாக்கிவிடும், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா பக்கம் போகிறவர்களுக்கு அந்த மாற்றம் தெரியும். குரலை அகலமாக்குகிறேன் என்று இடது வலது இரண்டுக்கும் எதிரெதிராக வைத்த கோரஸ் மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் காணாமல் போகும். மோனோவில் உங்கள் குரல் எங்கே என்று தேட வேண்டியிருந்தால் மிக்ஸிங் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

உருமி, தவில், பறை சேர்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உருமியின் அந்த முனகல் அடிசுருதியில் இருக்கிறது, பத்துமலையில் பக்கத்தில் நின்று கேட்டால் வயிற்றில் தெரியும், கைப்பேசி ஸ்பீக்கரிலும் பழைய கார் ஸ்பீக்கரிலும் அது இருக்கவே இருக்காது. லேசாக டிஸ்டார்ஷன் கொடுத்து அதன் மேல்சுருதிகளைக் கொண்டுவந்தால் சின்ன ஸ்பீக்கரிலும் உருமி உருமியாகக் கேட்கும்.

கடைசிச் சோதனையை நான் ஒரு மைவி காரில் வைப்பேன். ஏர்கோன் காற்று மூன்றில், பக்கத்து ஜன்னல் கால்வாசி திறந்து, செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை மாலை நெரிசலில் ஓட்டுவேன். பக்கத்தில் பாட்டைக் கேட்டிராத ஒருவர் உட்கார வேண்டும், பெரும்பாலும் என் தம்பி. இறங்கும்போது பல்லவியின் இரண்டு வரியை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருமுறை அவன் சொன்ன வரி நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன். அவனுக்கும் பங்கு கொடுத்தேன், அதைப் பற்றி அடுத்து.

பங்கு, பெயர், எண்

பாட்டு முடிந்தபிறகு பங்கு பேசினால் நட்பு முறியும். முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், வரிகள் யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை விழுக்காடு, எல்லார் கையெழுத்தும். ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்பது இதிலிருந்து வேறு விஷயம், அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமத் தொகை வசூலித்துத் தருவது எம்ஏசிபி, 1989இலிருந்து இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், பாடியவர் வாசித்தவருக்கும் தனித்தனி அமைப்புகள், பிபிஎம் என்றும் ஆர்பிஎம் என்றும். பாட்டை நிலையத்துக்கு அனுப்புவதற்கு முன்பே எம்ஏசிபியில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்துவிடுங்கள். என் பாட்டு முதல்முறை வானொலியில் ஒலித்தபோது அதைச் செய்யாமல் இருந்துவிட்டு, பிறகு அலைந்தேன்.

பதிப்புரிமை வாங்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ பதிந்த அந்தக் கணமே உரிமை உங்களுடையது, வாங்கத் தேவையில்லை. ஆனால் 2012லிருந்து மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விருப்பப்பட்டால் அறிவித்து வைக்கும் வசதி இருக்கிறது, நாளைக்கு மெட்டைத் திருடிவிட்டான் என்று சண்டை வந்தால் தேதிக்கு ஆதாரமாக நிற்கும்.

ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டு இடம் கொண்ட குறியீடு ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் வேண்டும். மலேசியாவில் அதைக் கவனிப்பது ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ரிம். இணையத்தில் பாட்டை ஏற்றிவிடும் நிறுவனங்களே பெரும்பாலும் அதையும் கொடுத்துவிடும். வானொலிக்கு வெட்டிய பதிப்பு வேறு ஒலிப்பதிவு, அதற்கு வேறு எண் என்பதை மறக்காதீர்கள்.

இணையத்தில் வாங்கிய பீட்டின்மேல், அதாவது தயாராகக் கிடைக்கும் பின்னணி இசையின்மேல், பாடுகிறவர்கள் அந்த உரிமத்தை முழுதாகப் படியுங்கள். குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பலருக்கும் விற்கப்படும் பீட், அதிலும் வானொலிக்கு அனுமதி உண்டா, எத்தனை நிலையம் என்று நிபந்தனை இருக்கும். சினிமாப் பாட்டு மெட்டைத் தொடவே தொடாதீர்கள், நம் சொந்த மெட்டுக்கே இவ்வளவு தாள் வேலை.

அனுப்பும் கோப்பு

வேவ் கோப்பு, 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். கூடவே எளிதாகக் கேட்டுப் பார்க்க ஓர் எம்பி3. கோப்பின் பெயரில் பாடகர், பாட்டு, 'வானொலிப் பதிப்பு', நிமிடம். 'ஃபைனல் ஃபைனல் 2' என்ற பெயரில் எனக்கு வந்த பாட்டுகளை வைத்தே ஓர் ஆல்பம் போடலாம், நானும் ஒரு தடவை அப்படி அனுப்பியவன்தான். எம்பி3யின் உள்விவரங்களில் பெயர்களை நிரப்புங்கள். உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்று குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள், வெட்கப்படவேண்டாம், அறிவிப்பாளருக்கு நிம்மதி.

அறிமுகக் குறிப்பில்தான் நாம் ஜெயிக்கவேண்டும், நம் தொழிலே அதுதானே. ஆனால் எழுதுகிறவர்கள்தான் இதில் மோசம், நீட்டிவிடுகிறோம். இரண்டாவது பாட்டுக்கு நான் எழுதிய முதல் குறிப்பு இப்படி ஆரம்பித்தது: "உணர்வுகளின் ஆழத்திலிருந்து ஊற்றெடுத்த இந்தப் பாடல், கேட்போர் நெஞ்சங்களை வருடும் வண்ணம்..." இதையே வேறொருவர் அனுப்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மூடியிருப்பேன். அழித்துவிட்டு எழுதியது: "கூலிமில் ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு வீடு மாறிய நாளன்று என் அம்மா அடுப்புக்கல்லையும் லாரியில் ஏற்றினார். பாட்டு அதைப் பற்றி. 3 நிமிடம் 28 விநாடி. குரல் 12ஆவது விநாடியில்." இந்தப் பாட்டுதான் முதலில் ஒலித்தது. அடுப்புக்கல் பற்றி அறிவிப்பாளர் பாட்டுக்கு முன்னால் பேசினார், நான் எழுதிக்கொடுத்த அதே வரியில். பேச ஒரு பொருளைக் கொடுத்துவிடுங்கள், அவர் பேசிக்கொள்வார்.

குறிப்பில் "நான் இன்ன பத்திரிகையில் எழுதுகிறேன்" என்பதை எங்கே போடுவது? மறைக்கவும் கூடாது, தலைப்பிலும் போடக்கூடாது. கடைசியில் ஒரு வரி. பத்திரிகை மின்னஞ்சலிலிருந்து மட்டும் அனுப்பாதீர்கள், சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். நிலையத்துக்காரர் உங்கள் பத்திரிகை முத்திரையைப் பார்த்துப் பயந்தோ நயந்தோ பாட்டைப் போடுவதாக இருந்தால், அடுத்த முறை அவர் உங்களிடம் ஒன்று கேட்பார்.

எப்போது அனுப்புவது

தீபாவளிக்கு அனுப்பாதீர்கள். அதாவது தீபாவளிப் பாட்டாக இருந்தால் ஒழிய. அந்த இரண்டு மாதம் எல்லாரும் பாட்டுப் போடுகிறார்கள், நானே என் மேசையில் பார்க்கிறேன், பாதியைக் கேட்க முடிவதில்லை. தைப்பூசத்துக்குப் பக்திப் பாட்டு என்றால் எட்டு வாரம் முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பண்டிகையே இல்லாத காதல் பாட்டு, குடும்பப் பாட்டு என்றால் மார்ச்சும் ஜூன், ஜூலையும் நல்ல காலம்.

அதிகம் பேர் யோசிக்காத ஒரு வாசல் சுதந்திர தினமான ஆகஸ்ட் 31, மலேசிய தினமான செப்டம்பர் 16. நாட்டுப் பாட்டு என்றதும் கொடி, வீரம் என்று எழுதத் தேவையில்லை. தோட்டத்திலிருந்து பட்டணம் வந்த கதை, தமிழ்ப்பள்ளிப் பேருந்து, பினாங்கு ஃபெரியில் முதல்முறை கடல் பார்த்தது, எல்லாமே இந்த நாட்டுப் பாட்டுத்தான். நன்றாக அமைந்தால் வருடா வருடம் எடுத்துப் போடுவார்கள். பினாங்கிலிருந்து அலிகேட்ஸ் இசைக்குழு வந்தது, பாடியது மலாயில், ஆங்கிலத்தில். 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் தமிழ் ராப் ஆல்பம் இங்கிருந்து தமிழ்நாடு வரை போனது. நம் ஊர் மண் ஒட்டியிருப்பது குறை என்று நினைத்துச் சென்னைத் தமிழைப் போலி செய்யும் பாட்டுகள்தான் சீக்கிரம் மறந்துபோகின்றன, இது விமர்சகனாகச் சொல்வது.

அனுப்பியபின்

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், இரண்டு வரியில். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பாட்டுக்குப் போங்கள். பாட்டுப் போடக் காசு கேட்கும் இடைத்தரகர் யாராவது வந்தால், பேச்சை அங்கேயே முடியுங்கள், பாடகராகவும் எழுதுகிறவராகவும் இரட்டை நஷ்டம். பாட்டு வரவில்லை என்ற கோபத்தில் "உள்ளூர்க் கலைஞர்களை வானொலி புறக்கணிக்கிறதா?" என்று கட்டுரை எழுத உட்காராதீர்கள். நியாயமான கேள்விதான், பல வருடமாகக் கேட்கப்படுவதுதான், ஆனால் அந்த மாதம் அதைக் கேட்கும் தகுதி உங்களுக்கு இல்லை. வேறொருவர் எழுதட்டும்.

பேட்டிக்குக் கூப்பிட்டால் போங்கள். ஒரு பதில் இருபது விநாடி, அதற்குள் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு சம்பவம். நான் முதல் பேட்டியில் பழக்கதோஷத்தில் அறிவிப்பாளரையே "நீங்க இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவரும் நல்ல மனிதர், மூன்று நிமிடம் சொன்னார், நேரம் முடிந்துவிட்டது.

உறவுக்காரர்களை நேயர் விருப்பத்துக்கு ஏவிவிடாதீர்கள். என் சித்தி மகன் ஒரே மாலையில் பதினோரு வாட்ஸ்அப் அனுப்பினான், எல்லாவற்றிலும் அதே எழுத்துப்பிழை.

பாட்டு ஒலித்தால் தேதி, நேரம், நிலையம், நிகழ்ச்சி, எந்தப் பதிப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், உரிமத் தொகைக் கணக்கில் விடுபட்டிருந்தால் கேட்க உதவும். எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். என் நோட்டில் முதல் பதிவு ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. நான் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, சந்தையில் இருந்தார். கேட்டது அம்மாவை ஏற்றிவர வெளியே காத்திருந்த டாக்சிக்காரர். "அக்கா, அடுப்புக்கல்லைப் பத்தி ஒரு பாட்டு போச்சு, எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாராம். யார் பாடியது என்று அம்மா கேட்டிருக்கிறார். பெயரைக் கவனிக்கவில்லை என்றாராம் அவர்.